மகளுக்கு இல்லாத மாளிகை

1928 ஜனவரி 28 அன்று, இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள நோல் மாளிகையில் மூன்றாம் சாக்வில் பிரபு காலமானார். அவருக்கு ஒரே மகள், விட்டா சாக்வில்-வெஸ்ட். அந்த மாளிகையில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அதற்குள்ளிருந்த சிற்றாலயத்தில் திருமணம் செய்துகொண்டவர். அந்த வீட்டின் வரலாற்றை ஆவணங்களிலிருந்து தேடியெடுத்துப் புத்தகமாக எழுதியவரும் அவர்தான். தந்தை இறந்தபோது அவருக்கு வயது 35. கவிஞர், நாவலாசிரியர் என்று பெயர் பெற்றிருந்தார். இரண்டு ஆண் குழந்தைகளுக்குத் தாய். ஆனாலும் வீடு அவருக்கு வரவில்லை. பட்டமும் மாளிகையும் அப்பாவின் தம்பிக்குப் போயின. அவருக்குப் பிறகு அவருடைய மகனுக்கு என்பதும் அப்போதே தெரிந்த விஷயம்.

நோல் மாளிகையை நான் நேரில் பார்த்ததில்லை. புத்தகங்கள் வழியாகத்தான் அறிவேன். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் எனக்கு வர்ஜீனியா வுல்ஃபின் ‘ஆர்லாண்டோ’ மூலம் அறிமுகமான வீடு அது. அங்கிருந்து, விட்டா 1922இல் எழுதிய ‘நோலும் சாக்வில்களும்’ என்ற வரலாற்றுக்கும், 1923இல் அவர் பதிப்பித்த ஆன் கிளிஃபர்டின் நாட்குறிப்புக்கும் போனேன். மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தபோது ஒன்று உறுத்தியது.

இங்கிலாந்தின் கிராமப்புற மாளிகைகளின் வீழ்ச்சி என்று ஒரு பெரிய சோகக்கதை உண்டு. இருபதாம் நூற்றாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாளிகைகள் இடிக்கப்பட்டன. 1974இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இந்த அழிவைப் பற்றிக் கண்காட்சியே நடத்தியது. வேளாண் வருமானம் சரிந்தது, 1894இல் மரண வரி வந்தது, இரண்டு உலகப் போர்கள் வாரிசுகளையும் வேலையாட்களையும் கொண்டுபோயின என்று காரணங்களை வரிசையாகச் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்தக் கதையில் வீட்டை இழப்பவர்கள் ஆண்கள். அவர்கள் இழப்பதற்கு வெகுகாலம் முன்பே, வீடு செழிப்பாக இருந்த நாளிலேயே, மகள்கள் அதை இழந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றி அந்தச் சோகக்கதைக்குக் கவலை கிடையாது. அந்த மகள்களின் பக்கம் நின்று நோலின் கதையை வாசித்துப் பார்க்க விரும்புகிறேன். அப்படி வாசிக்கும்போது அந்த மகள்களையும் சில கேள்விகள் கேட்காமல் விட முடியாது.

மன்னருக்காகப் போட்ட தரை

நோல் முதலில் பேராயர்களின் இருப்பிடம். 1456இல் கேன்டர்பரி பேராயர் தாமஸ் பௌச்சியர் அதை விலைக்கு வாங்கி விரிவாக்கினார். 1538இல் எட்டாம் ஹென்றி அதைப் பேராயர் கிரான்மரிடமிருந்து எடுத்துக்கொண்டார். கடைசியில், எலிசபெத் அரசியின் உறவினரும் அரசாங்கத்தின் பொருளாளருமான தாமஸ் சாக்வில் கைக்கு அது வந்து சேர்ந்தது. 1608இல் இறப்பதற்குள் அவர் அதை இன்றுள்ள வடிவத்துக்கு மாற்றியமைத்தார். சுற்றிலும் ஆயிரம் ஏக்கர் மான் பூங்கா. வருடத்தின் நாட்களுக்கு ஏற்ப 365 அறைகள், வாரங்களுக்கு ஏற்ப 52 மாடிப்படிகள், கிழமைகளுக்கு ஏற்ப ஏழு முற்றங்கள் என்று ஊரார் சொல்லும் கணக்கு ஒன்றுண்டு. எண்ணிப் பார்த்தால் சரியாக வருமோ வராதோ, வீட்டைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்தக் கணக்கைச் சொல்லாமல் விடுவதில்லை.

எனக்கு அந்த எண்களைவிட வேறொரு செய்தி முக்கியமாகப்பட்டது. 2014இல் மாளிகையின் மேல்தள அறையொன்றில் பராமரிப்புப் பணிக்காகத் தரைப்பலகைகளைப் பெயர்த்தபோது, கணப்பைச் சுற்றியிருந்த உத்திரங்களில் கீறல்களும் தீயால் சுட்ட அடையாளங்களும் தெரிந்தன. சூனியக்காரிகள் உள்ளே வராமலிருக்கத் தச்சர்கள் இட்ட காப்புக் குறிகள் அவை என்று தொல்லியல் ஆய்வாளர்கள் சொன்னார்கள். மரத்தின் வயது 1606ஆம் ஆண்டையொட்டியது. முதலாம் ஜேம்ஸ் மன்னர் வந்தால் தங்குவதற்காக ஒதுக்கப்பட்ட அறை அது. சூனியத்தைப் பற்றி 1597இல் தாமே ஒரு புத்தகம் எழுதியவர் அந்த மன்னர். அவர் உறங்கப்போகும் அறையில் பெண்ணைக் குறித்த பயத்தைத் தரைக்கு அடியில் பொதிந்து, அதன் மேல் பலகை போட்டு மூடியிருக்கிறார்கள். சுமார் பத்து வருடம் கழித்து அதே மன்னர் முன்னிலையில் நோலின் மருமகள் ஒருத்தி போய் நின்றாள். அவளிடம் எந்தச் சூனியமும் இல்லை. சொத்துப் பத்திரம்தான் இருந்தது.

ஆன்: சட்டம் சாதகமாக இருந்தபோது

ஆன் கிளிஃபர்ட் 1590இல் பிறந்தவர். தந்தை ஜார்ஜ் கிளிஃபர்ட், கம்பர்லாண்டின் எர்ல். வட இங்கிலாந்தில் கோட்டைகளும் பரந்த நிலங்களும் உடைய குடும்பம். ஆண் குழந்தைகள் சிறுவயதிலேயே இறந்துவிட, மிஞ்சியது ஆன் மட்டும். இரண்டாம் எட்வர்ட் காலத்து ஏற்பாட்டின்படி அந்த நிலங்கள் ஆண், பெண் வேறுபாடின்றி நேர்வாரிசுக்குச் சேர வேண்டியவை. அதாவது மகளுக்கு. ஆனால் 1605இல் இறந்த தந்தை, எல்லாவற்றையும் தம் தம்பி பேருக்கு உயில் எழுதிவைத்திருந்தார். மகளுக்கு 15,000 பவுண்டு ரொக்கம். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், ‘நகை போட்டுச் செலவழித்துக் கட்டிக்கொடுத்தாயிற்று, நிலத்தில் உனக்கென்ன பங்கு’ என்பதுதான்.

ஆனின் தாய் மார்கரெட் இந்த உயிலை ஒப்புக்கொள்ளவில்லை. பழைய பத்திரங்களைத் தேடித் தொகுத்து மகளுக்காக வழக்காடினார். 1609இல் ஆன், ரிச்சர்ட் சாக்வில்லை மணந்தார். அவர் உடனேயே டார்செட் எர்ல் ஆனார். ஆன் நோலுக்கு வந்தார். கணவருக்குச் சூதாட்டம், சேவல் சண்டை, ஆடம்பரம் என்று செலவு அதிகம். வழக்கை விட்டுக்கொடுத்துப் பணமாக வாங்கிக்கொள்ள வேண்டுமென்று மனைவியை வற்புறுத்தினார். 1616 மே மாதம், இன்னும் இரண்டு வயது நிறையாத மகளை ஆனிடமிருந்து பிரித்து அனுப்ப உத்தரவிட்டார். அதே மாதம் ஆனின் தாய் இறந்துபோனார். 1617 ஜனவரியில் மன்னர் ஜேம்ஸ் முன்னால் ஆன் நிறுத்தப்பட்டார். மன்னர் கேட்டார், கணவர் கேட்டார், சித்தப்பா கேட்டார். ஆன் சம்மதிக்கவில்லை. அவர் சம்மதமில்லாமலேயே மார்ச் மாதத்தில் மன்னர் தீர்ப்பளித்தார். நிலம் சித்தப்பாவுக்கு. அதற்கு ஈடாகப் பெருந்தொகை கணவருக்கு. மனைவியின் கையெழுத்து இல்லாத ஒப்பந்தம் கணவருக்கு லாபமாக முடிந்தது.

இந்த மாதங்களின் நாட்குறிப்பை ஆன் நோலில் இருந்தபடி எழுதினார். அதைப் படிப்பவர்களுக்கு அதன் சாதாரணம்தான் வியப்பளிக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது, தையல் வேலை செய்தது, பக்கத்தில் ஒருவர் மாந்தேனின் கட்டுரைகளை வாசிக்கக் கேட்டது, கணவர் லண்டன் போனது, யார் வந்தது, யார் பேசாமல் போனது. நடுநடுவே வழக்கு. அழுதேன் என்று எழுதுகிறார், ஆனால் அடுத்த பதிவில் சம்மதித்தேன் என்று எழுதவில்லை. பின்னாளில் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தபோது, கணவன்மார் இருவரின் மாளிகைகளும் தனக்கு வேதனை தந்த இடங்களே என்றார். நோலின் பளிங்குத் தூண்களைப் புகழும் எந்த நூலும் இந்தச் சாட்சியத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1643இல் சித்தப்பாவின் மகன் ஆண் வாரிசின்றி இறந்தபோது நிலம் ஆனுக்கு வந்தது. தந்தை இறந்து 38 வருடங்கள் கழித்து. வடக்கே போய்ச் சிதைந்து கிடந்த கோட்டைகளைச் செப்பனிட்டு, 1676இல் 86 வயதில் இறக்கும்வரை அங்கேயே ஆண்டார். அவரைப் பெண்ணுரிமையின் முன்னோடி என்று கொண்டாடுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். நிலம் கைக்கு வந்ததும் தன் குடியானவர்கள் மீது வரிசையாக வழக்குப் போட்டவரும் அவர்தான். தன் உரிமைக்காகச் சட்டத்தைப் படித்தவர், அதே சட்டத்தால் ஏழைகளிடமிருந்து குத்தகை பிடுங்கவும் கற்றிருந்தார்.

ஆனின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: சட்டம் மகளுக்குச் சாதகமாக இருந்தது. அதனால் தந்தையும் கணவரும் மன்னரும் சேர்ந்து அந்தச் சட்டத்தைச் சுற்றிப் போனார்கள். முந்நூறு வருடம் கழித்து விட்டாவின் விஷயத்தில் சட்டம் மகளுக்கு எதிராக இருந்தது. அப்போது எல்லோரும் அதை மரபு என்று சொல்லித் தலைவணங்கினார்கள்.

விக்டோரியா: தாயின் திருமணத்தை மறுத்து

விட்டாவின் தாய் விக்டோரியா, இரண்டாம் சாக்வில் பிரபுவுக்கும் ஸ்பானிய நடனக் கலைஞர் பெபிட்டாவுக்கும் பிறந்தவர். பெபிட்டாவுக்கு ஏற்கெனவே மணமாகியிருந்தது. மணவிலக்குப் பெறவில்லை. பெபிட்டா 1871இல் இறந்த பிறகு விக்டோரியா பாரிஸில் ஒரு கன்னிமடத்தில் வளர்ந்தார். 1890இல், பட்டத்துக்கு உரியவரான தன் சித்தப்பா மகனையே மணந்துகொண்டார். நம் முறையில் அவர் தம்பி. அங்கே மாப்பிள்ளையாகலாம். பிறப்பால் கிடைக்காத வீடு, இந்தத் திருமணத்தால் கிடைத்தது.

1908இல் இரண்டாம் பிரபு இறந்ததும் விக்டோரியாவின் உடன்பிறந்த சகோதரர் ஹென்றி வழக்குத் தொடுத்தார். தன் பெற்றோரின் திருமணம் செல்லும், தானே முறையான மகன், நோல் தனக்கே என்றார். அவர் சொன்னது நிரூபணமானால் விக்டோரியாவும் முறையாகப் பிறந்தவராகிவிடுவார். ஆனால் வீடு போய்விடும். வீடு நிலைக்க வேண்டுமானால், தன் தாய் யாருடைய மனைவியும் அல்ல, அப்பாவுக்கு வைப்பு மட்டுமே என்று நீதிமன்றத்தில் நிலைநாட்ட வேண்டும். விக்டோரியா இரண்டாவதைத் தேர்ந்தார். 1910இல் ஹென்றி தோற்றார். மகள் தன் தாயின் மானத்தை விலையாகக் கொடுத்துக் கணவரின் வீட்டைக் காப்பாற்றினார். வீட்டின் செலவுக்குப் பணம் கொண்டுவந்தவரும் அவரே. குடும்ப நண்பர் சர் ஜான் முர்ரே ஸ்காட் உயிலில் எழுதிவைத்த 150,000 பவுண்டை, 1913இல் மற்றொரு வழக்கில் வென்று வாங்கினார். இத்தனையும் செய்து அவர் காத்த வீடுதான் அவருடைய சொந்த மகளுக்கு மறுக்கப்பட்டது.

விக்டோரியாவைப் பேராசைக்காரி என்று எழுதுவது எளிது. பலர் எழுதியும் இருக்கிறார்கள். ஆண்வழி வாரிசு முறையில் ஒரு பெண்ணுக்கு வீட்டுக்குள் நுழைய இருக்கும் ஒரே வாசல் இன்னொரு பெண்ணை மிதித்துத்தான் திறக்கும் என்பதை இந்த வழக்கைப் போல வெளிப்படையாகக் காட்டும் ஆவணம் குறைவு.

விட்டா: வாரிசாக விரும்பியவர்

விட்டாவின் ‘நோலும் சாக்வில்களும்’ அழகாக எழுதப்பட்ட நூல். தூசியும் மெழுகும் மணக்கும் நீண்ட கூடங்கள், வெள்ளி அறைகலன்கள், ஓவியங்கள், மழைநாளில் வெறிச்சோடிக் கிடக்கும் அறைகள். ஆனால் அதன் அமைப்பைக் கவனியுங்கள். ஒரு பிரபுவிலிருந்து அடுத்த பிரபுவுக்கு, தந்தையிலிருந்து மகனுக்கு என்றே அத்தியாயங்கள் நகர்கின்றன. தன்னை வெளியேற்றப் போகும் வரிசையையே அவர் தன் புத்தகத்தின் முதுகெலும்பாக்கிக்கொண்டார். மறு ஆண்டே ஆனின் நாட்குறிப்பைப் பதிப்பித்தவர், தனக்கு வரப்போவதை அறியாதவர் அல்ல.

தந்தையின் மரணத்துக்குப் பிறகு 1930இல் அவர் எழுதிய ‘எட்வர்டியர்கள்’ நாவலில் நோல், செவ்ரான் என்ற பெயரில் வருகிறது. அங்கே தன்னையே அண்ணன், தங்கை என்று இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார். வீடு அண்ணன் செபாஸ்டியனுக்கு. அதை அவன் நேசிக்கிறான், அதனாலேயே மூச்சுத் திணறுகிறான். தங்கை வயோலாவோ லண்டனில் தனியாக வாழக் கிளம்புகிறாள். நாவலின் ஆசையெல்லாம் செபாஸ்டியன் பக்கம். அதன் அறிவோ வயோலா பக்கம். விட்டாவால் இந்த இரண்டையும் ஒன்று சேர்க்க முடியவில்லை. தனக்கு அநீதி நடந்தது என்று உணர்ந்தார். ஆனால் அநீதி, தான் பெண்ணாகப் பிறந்ததில் இருப்பதாகவே எண்ணினார். ஒரு வீட்டுக்கு ஒரே ஒருவர்தான் உரியவர், மற்ற எல்லோரும் அவர் தயவில் என்ற ஏற்பாட்டை அவர் கேள்வி கேட்கவில்லை. அந்த ஒருவராக இருக்க வேண்டும் என்றுதான் ஏங்கினார்.

ஆகவேதான் அவருடைய சிறந்த நாவல் மாளிகையைப் பற்றியதல்ல என்கிறேன். 1931இல் வந்த ‘ஆல் பேஷன் ஸ்பென்ட்’ நாவலில், கணவரை இழந்த 88 வயது லேடி ஸ்லேன், பிள்ளைகள் போட்ட திட்டத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஹாம்ஸ்டெட்டில் சிறிய வாடகை வீடு ஒன்றில் குடியேறுகிறார். இந்தியாவில் வைஸ்ராயின் மனைவியாகப் பெரிய மாளிகையில் இருந்தவர், ஓவியராக விரும்பி ஆகாமல் போனவர். அந்தச் சிறு வீட்டைப் பற்றி எழுதும்போது விட்டாவின் மொழியில் புலம்பல் இல்லை.

ஆர்லாண்டோ கொடுத்த வீடு

விட்டா வீட்டை இழந்த அதே 1928இல், அக்டோபர் 11 அன்று, ‘ஆர்லாண்டோ’ வெளிவந்தது. எலிசபெத் காலத்து இளம் பிரபு ஒருவன் நூற்றாண்டுகளைக் கடந்து வாழ்கிறான். நடுவில் பெண்ணாகிறான். 365 அறைகள் கொண்ட வீடு அவளிடமே இருக்கிறது. உள்ளே விட்டாவின் புகைப்படங்களும் நோலின் ஓவியங்களும். சட்டம் பறித்த வீட்டைத் தோழி இலக்கியத்தில் திருப்பிக் கொடுத்தார் என்று எல்லோரும் சொல்வோம். நானும் வகுப்பில் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தப் பரிசை மறுபடி பார்க்கிறேன். நாவலில் ஆர்லாண்டோ மீது வழக்குகள் நடக்கின்றன. அவள் இறந்துவிட்டாள் என்பது ஒன்று. அவள் பெண் என்பது இன்னொன்று. இரண்டும் சொத்து விஷயத்தில் ஏறக்குறைய ஒன்றே என்கிற வுல்ஃபின் கேலி கூர்மையானது. மூன்றாவது, ஆணாக இருந்தபோது பெபிட்டா என்ற நடனக்காரியை மணந்து பிள்ளைகள் பெற்றது. தீர்ப்பு எப்படி வருகிறது? அந்தத் திருமணம் ரத்தாகிறது, பிள்ளைகள் முறையற்றவர்கள் ஆகிறார்கள், அதன் பிறகே ஆர்லாண்டோவுக்கு வீடு நிலைக்கிறது. 1910இல் நீதிமன்றத்தில் நடந்தது கற்பனையிலும் அப்படியே நடக்கிறது. பெபிட்டா மறுபடியும் மனைவியாக மறுக்கப்படுகிறாள். அத்தோடு, சொத்து இனி ஆர்லாண்டோவின் ஆண் வாரிசுகளுக்கு என்று தீர்ப்பு சொல்கிறது. கடைசியில் அவளுக்கு ஆண் குழந்தையும் பிறக்கிறது. பாலினத்தையே தலைகீழாக்கிய நாவல், உயிலின் வாசகத்தை மாற்றாமல் விட்டது. வுல்ஃப் இதைக் கேலியாகத்தான் எழுதினார் என்று வாதிடலாம், நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் கேலி முடிந்த பிறகும் வாசகம் அப்படியேதான் நிற்கிறது.

சலவைப் பெண்களின் மேசை

அந்த நாவல் தொடங்குவதே மாளிகையின் பரணில். உத்திரத்தில் தொங்கும் ஒரு மூர் மனிதனின் காய்ந்த தலையைச் சிறுவன் ஆர்லாண்டோ வாளால் வெட்டி விளையாடுகிறான். முன்னோர் எங்கோ போரில் வெட்டிக் கொண்டுவந்த தலை. இந்தக் காட்சியோடு நான் சேர்த்துப் படிப்பது விட்டாவே தம் நூலில் அச்சிட்டிருக்கும் ஒரு பட்டியலை. ஆன் வாழ்ந்த காலத்தில், 1613க்கும் 1624க்கும் இடையில், நோலில் யார் யார் எந்த மேசையில் அமர்ந்து சாப்பிட்டார்கள் என்ற பட்டியல் அது. பிரபுவின் மேசை, எழுத்தர்களின் மேசை, கூடத்தில் நீண்ட மேசை, சலவைப் பெண்களின் மேசை, அடுக்களை. சலவைப் பெண்களின் மேசையில் கிரேஸ் ராபின்சன் என்று ஒரு பெயர். அடுக்களையில் ஜான் மொராக்கோ என்று ஒரு பெயர். இருவரின் பெயருக்குப் பக்கத்திலும் கறுப்பினத்தவர் என்ற குறிப்பு. அவ்வளவுதான். ஒரு வரிக்கு மேல் கிடையாது.

ஆன் தன் நிலத்துக்காக அழுத அந்த மாதங்களில் அவருடைய துணிகளை வெளுத்த பெண்களில் கிரேஸும் ஒருவராக இருக்கலாம். ஆனுக்கு நாட்குறிப்பு இருக்கிறது, விக்டோரியாவுக்கு நீதிமன்றப் பதிவு, விட்டாவுக்கு நூல்கள். கிரேஸுக்கு ஒரு மேசையும் ஒரு பெயரும். வீட்டின் வீழ்ச்சியைப் பற்றிய கண்ணீரில் அந்த மேசைக்குப் பங்கு இருக்க முடியாது. அத்தனை அறைகளையும் துடைக்க ஆள் கிடைக்காமல் போனதுதான் மாளிகைகள் வீழ்ந்ததற்கு ஒரு காரணம் என்றால், துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போய்விட்டார்கள் என்று அதற்குப் பொருள். அவர்களுக்கு அது வீழ்ச்சியா?

ஒரே ஒரு அறை

‘ஆர்லாண்டோ’ வெளிவந்த அதே அக்டோபரில் வுல்ஃப் கேம்பிரிட்ஜில் இரண்டு பெண்கள் கல்லூரிகளில் உரையாற்றினார். மறு ஆண்டு அது ‘தனக்கென்று ஓர் அறை’ என்ற நூலாயிற்று. எழுத விரும்பும் பெண்ணுக்கு வருடத்துக்கு 500 பவுண்டும் தாழ்ப்பாள் போட்ட ஓர் அறையும் வேண்டும் என்றார். ஒரு புத்தகத்தில் ஒரு பிரபுகுலப் பெண்ணுக்கு 365 அறைகள். அடுத்த புத்தகத்தில் எல்லாப் பெண்களுக்கும் ஆளுக்கு ஓர் அறை. நோலின் கதையை அறிந்த பிறகு, இரண்டாவதுதான் பெரிய கோரிக்கை என்று எனக்குப் படுகிறது. முதலாவது ஒருத்தியை மட்டும் விதிவிலக்காக்குகிறது. இரண்டாவது விதியையே மாற்றக் கேட்கிறது.

அதிலும் ஒரு கணக்கு பாக்கியிருக்கிறது. அந்த நூலின் கதைசொல்லிக்கு 500 பவுண்டு எங்கிருந்து வருகிறது? அத்தை எழுதிவைத்த உயிலிலிருந்து. அந்த அத்தை காற்று வாங்கக் குதிரையேறிப் போய்த் தவறி விழுந்து இறந்தது பம்பாயில். நாங்கள் வகுப்பில் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவோம். ஒரு பெண்ணின் சுதந்திரத்துக்கான முதல், இன்னொரு நாட்டின் மண்ணிலிருந்து வந்திருக்கிறது. வுல்ஃப் அதை ஒளிக்கவில்லை. ஊர்ப் பெயரோடு எழுதியிருக்கிறார். அந்தப் பெயரில் நிறுத்திக் கேள்வி கேட்பது இந்தியாவில் இருந்து படிக்கும் நம் வேலை.

எது விழுந்தது, எது விழவில்லை

1946இல் விட்டாவின் சித்தப்பா நோலை தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். குடும்பம் அதன் ஒரு பகுதியில் 200 வருடக் குத்தகைக்குத் தங்கியது. மற்ற பகுதிகளை யாரும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். விட்டா அதற்குள் சிஸ்ஸிங்ஹர்ஸ்டில் இடிந்து கிடந்த பழைய கோட்டையொன்றை வாங்கி, அதன் கோபுரத்தில் தனக்கு எழுதும் அறை அமைத்து, சுற்றிலும் தோட்டம் போட்டிருந்தார். 1962இல் அவர் இறந்த பின் ‘ஆர்லாண்டோ’வின் கையெழுத்துப் பிரதி நோலுக்குப் போய்ச் சேர்ந்தது. அவருக்குக் கிடைக்காத இடம் அவரைப் பற்றிய கதைக்குக் கிடைத்தது.

இதைத்தான் வீழ்ச்சி என்கிறார்கள். சொத்துரிமை கைமாறியது உண்மை. ஆனால் வாரிசு முறை? உயில் எழுதாமல் இறப்பவரின் நிலம் மூத்த மகனுக்கே என்ற விதியை 1925ஆம் ஆண்டின் சட்டம் நீக்கியது. பிரபுப் பட்டங்களை அது தொடவில்லை. 2013இல் அரச பதவிக்கு அண்ணன் தம்பியைவிட மூத்த மகள் வரலாம் என்று சட்டம் மாறியது. பிரபுக்களின் பட்டங்கள் அப்போதும் பெரும்பாலும் ஆண்வழியிலேயே நின்றன. 2004இல் ஆறாம் சாக்வில் பிரபு இறந்தார். அவருக்கு ஐந்து மகள்கள். பட்டம் அவருடைய தம்பி மகனுக்குப் போனது. கூரை ஒழுகியது, மரம் உளுத்தது, பணம் தீர்ந்தது, மாளிகை அறக்கட்டளைக்குப் போனது. 1928இல் விட்டாவை வெளியே நிறுத்திய அந்த ஒரு வரி மட்டும் பழுதில்லாமல் இருக்கிறது.

ஓர் அன்பின் பத்திரம்

இதை எழுத நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா இறந்து ஆறாம் மாதம் அக்காவும் நானும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், ஊரிலிருக்கும் வீட்டையும் கொஞ்சம் நிலத்தையும் தம்பி பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தோம். தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுவதற்கும் 2005இலும் மகளுக்குச் சம உரிமை தந்த சட்டங்கள் எனக்குத் தெரியும். சட்டம் எங்களுக்குச் சாதகமாகத்தான் இருந்தது. யாரும் எங்களை மிரட்டவில்லை. “பொறந்த வீடு வேணுமா, பங்கு வேணுமா” என்று அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள். பத்திரத்தில் அன்பின் காரணமாக என்று தட்டச்சு செய்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தம்பி வாங்கிக் கொடுத்த காபியைக் குடித்தோம்.

அதனால் ஆனின் நாட்குறிப்பை என்னால் வெறும் ஆங்கில இலக்கியமாகப் படிக்க முடியவில்லை. மன்னரே கேட்டும் கையெழுத்துப் போடாத பெண் அவர். நான் அம்மா கேட்டதும் போட்டவள். என்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. சட்டம் மாறினால் போதாது, உறவை விலையாக வைத்துக் கேட்கும் அந்தக் கேள்வியும் மாற வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பிறந்த வீடும் பங்கும் இரண்டும் வேண்டும் என்று சொல்ல ஏன் எங்கள் இருவருக்குமே அன்று வாய் வரவில்லை?

சென்ற வருடம் வகுப்பில் ‘ஆர்லாண்டோ’வை முடித்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள். “மேடம், அந்த வீடு அவங்களுக்கே கிடைச்சிருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? அடுத்து அவங்க பையனுக்குத்தானே குடுத்திருப்பாங்க?” எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. விட்டாவுக்கு இரண்டு மகன்கள். மகள் இல்லை. அவள் கேட்டது சரியான கேள்வி. மாளிகை ஒரு மகளுக்குக் கிடைத்துவிட்டால் மாளிகை என்ற ஏற்பாடு நியாயமாகிவிடாது. அதில் ஆனின் குடியானவர்களும் இருக்கிறார்கள், கிரேஸ் ராபின்சனும் இருக்கிறார்.

அடுத்த முறை இந்தப் பாடத்தை நடத்தும்போது 365 அறைகளிலிருந்து தொடங்கப்போவதில்லை. அந்தப் பட்டியலைப் பலகையில் எழுதி, சலவைப் பெண்களின் மேசையிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன்.